கோலம் ஐந்து! கோல் யார் கையில்?

மணமகள் வருகிறாள்! முதல்நாள் மாலை, மணி ஆறரை. மின்விளக்குகள் கண்சிமிட்ட, நாயனம் முழங்க, மணமகள் வருகிறாள், வடநாட்டு லெகங்கா அணிந்து! ஏழேகால் மணிக்கு மறைகிறாள். எட்டு மணிக்கு மீண்டும் வருகிறாள், மேனாட்டுக் கவுன் தரையைத் துடைத்துவர! மறுநாள் வைகறையில் அரக்குநிறப் பட்டு. மணமேடையில் அமர்ந்ததும் தட்டிலே வைத்து நீட்டப்படும் கூறைப்புடவையைப் பெற்றுக்கொண்டு உள்ளே செல்கிறாள், உடுத்தி வருகிறாள். விருந்து முடிந்ததும் இன்னொரு பட்டு. ஏனெனில், "ஆல்பத்துக்கு அந்த நிறம் எடுப்பாக இருக்கும்" என்று படப்பிடிப்பாளர் கூறிவிட்டார்!

கோலம் ஐந்து! மணம் ஒன்று! மணமகனோ, மாலையிலே ஒரு கோட்டு, காலையிலே ஒரு வேட்டி. அத்துடன் அவன் கடமை தீர்ந்தது.

பட்டு உடுத்தாதே என்று பகர வரவில்லை நாம். வண்ண ஆடை வேண்டாம், படமே கூடாது, துறவுக்கோலம் பூண்டு துணைவனை ஏற்றுக்கொள் என்று எந்தப் பெண்ணுக்கும் உபதேசம் செய்பவர்களல்லர் நாம். ஆண்டவன் பெயராலே அழகை மறைத்து, அறநூல் பெயராலே ஆசையை அடக்கி, பெண்ணை மூலையிலே உட்கார வைத்த வேலையைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். அந்த வேலையை நாம் ஏற்கமாட்டோம். நாம் கேட்பது ஒரே கேள்வி. இந்த ஐந்து கோலத்தையும் எழுதியது யார்? எந்த நேரத்தில் எந்த ஆடை, எந்த ஆடையில் எந்தப் படம், அந்தப் படத்தில் யார் யார் என்று திட்டம் தீட்டிய கை எவர் கை? கோலம் மணமகளுடையது, அந்தக் கோலத்தை ஆட்டுவிக்கும் கோல் யார் கையில் இருக்கிறது?

புரோகிதர் போனார், புதியவர் வந்தார்!

நம் இளைஞர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. 1967ஆம் ஆண்டு, அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இந்து திருமணச் சட்டத்திலே 7-ஏ என்ற பிரிவு தமிழ்நாட்டுக்கென்று சேர்க்கப்பட்டது. உற்றார் உறவினர் நண்பர் முன்னிலையிலே, இருவரும் தமக்குப் புரிகிற மொழியிலே ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகக் கூறினால் போதும். மாலை மாற்றினால் போதும். விரலிலே மோதிரம் அணிவித்தால் போதும். தாலி கட்டினாலும் போதும். புகை வேண்டியதில்லை, புரியாத மொழி வேண்டியதில்லை, புரோகிதர் வேண்டியதில்லை. அந்தப் பிரிவின்கீழ் நடைபெறும் மணத்துக்கு ஊரறிந்த விழா கட்டாயமன்று என்று 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உச்சநீதிமன்றமும் கூறிவிட்டது. சட்டம் கேட்பது இரண்டு உள்ளங்களின் ஒப்புதலை. ஆடை எத்தனை என்று அது கேட்கவில்லை.

அந்தச் சட்டத்தின் துணைகொண்டு எதை விரட்டினோம் என்பதை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! "நில்", "உட்கார்", "கையை நீட்டு", "நெருப்பைச் சுற்று", "இப்போது பேசாதே" என்று மணமக்களை ஆட்டிவைத்த ஆணைகளை விரட்டினோம். தங்கள் மணத்திலே தாங்களே விருந்தாளிகளாய், ஏன் என்று கேட்க உரிமையற்றவர்களாய், மணமக்கள் உட்கார்ந்திருந்த நிலையை விரட்டினோம்.

விரட்டிய இடத்திலே இன்று யார் வந்து நிற்கிறார்? தலைவர் ஒருவர் தலைமை தாங்க, சாதி மறுத்து, சடங்கு ஒறுத்து நடைபெறும் நம்மவர் மணவிழாவையே உற்று நோக்குங்கள். மாலை மாற்றுகின்றனர், மக்கள் கைதட்டுகின்றனர். உடனே ஒரு குரல்: "சரியாக விழவில்லை, இன்னொரு முறை!" மறுபடியும் மாலை. "அண்ணா, கொஞ்சம் இடப்பக்கம். அக்கா, முகத்தைத் தூக்குங்கள். சிரியுங்கள். இவ்வளவு வேண்டாம், கொஞ்சம்." மேடையில் நின்று வாழ்த்துரைக்க வந்த பெரியவர், படக்கருவிக்கும் மணமக்களுக்கும் இடையே நின்றதற்காக ஒதுங்கச் சொல்லப்படுகிறார்! அவையோருக்குத் தெரிவது மணமக்களின் முகமா? இல்லை, மேடையை மறித்து நிற்கும் படப்பிடிப்பாளர்களின் முதுகு! நிற்கவும் உட்காரவும் ஆணையிட்ட புரோகிதர் போனார். நிற்கவும் உட்காரவும் சிரிக்கவும் ஆணையிடும் புதியவர் வந்தார். முன்னவர் நாள் பார்த்தார், நேரம் பார்த்தார். பின்னவர் வெளிச்சம் பார்க்கிறார், பின்னணி பார்க்கிறார். இருவருமே மணமகளின் மனத்தைப் பார்ப்பதில்லை!

படப்பிடிப்பாளர்மீது பகை கொண்டு கூறுகிறோமா? இல்லை. அவரும் உழைப்பாளி. முதல்நாள் மாலையிலிருந்து மறுநாள் பிற்பகல்வரை கால்கடுக்க நின்று, பந்தி முடிந்தபின் மிஞ்சியதை உண்டு, கணக்குத் தீர்க்கும்போது பேரம் பேசப்படுகிறவர் அவர். ஐந்து கோலத்துக்கும் படம் வேண்டும், ஒன்று குறைந்தாலும் பணம் குறையும் என்று அவரை விரட்டுவோர் மேடைக்குப் பின்னாலே இருக்கிறார்கள். கோலை அவர் பறிக்கவில்லை. யாரும் ஏந்தாமல் கீழே கிடந்ததை எடுத்துக்கொண்டார். மணமக்கள் திட்டம் எழுதாதபோது, எவரோ எழுதத்தானே வேண்டும்?

முன்னோர் வழக்கமாம்!

"பல ஆடை மாற்றுவதும் அதைப் படமெடுத்து வைப்பதும் நம் பெரியவர்கள் காட்டிய வழி" என்று கூறும் பெருமக்கள் உளர். எந்தப் பெரியவர்? எந்த நாளில்?

படம் பிடிக்கும் கலை ஊரறிய வெளிவந்தே 200 ஆண்டு ஆகவில்லை. 1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலேதான் பிரெஞ்சு நாட்டு டாகேர் கண்ட முறை பாரிசில் உலகறிய வெளியிடப்பட்டது. மறு ஆண்டு, 1840 பிப்ரவரி 10ஆம் நாள், இங்கிலாந்தின் விக்டோரியா அரசியார் வெண்ணிற ஆடை அணிந்து ஆல்பர்ட்டை மணந்தார். அதற்கு முன்பு மேனாட்டுப் பெண்கள் தம்மிடம் இருந்த ஆடைகளிலே சிறந்ததை, எந்த நிறமாயினும், அணிந்து மணந்தார்கள். அரசி அணிந்ததாலே வெள்ளைக்குச் செல்வாக்குப் பெருகிற்று. அரச மாளிகையில் புகுந்த ஆடை, அடுத்தடுத்துச் செல்வர் மனைக்கும், பின்னர் எளியோர் இல்லத்துக்கும் இறங்கி, "என்றும் உள்ள மரபு" என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது! அதிலும் ஒரு வேடிக்கை. அரசியார் மணநாளிலே படம் எடுக்கப்படவில்லை. 1854ஆம் ஆண்டு, ரோஜர் ஃபென்டன் என்பார் அரசியாரையும் கணவரையும் அரசவை உடையிலே நிற்கவைத்து எடுத்த படங்களைத்தான் மணநாள் படங்கள் என்று பின்வந்தோர் பலர் நம்பினர். மணமாகி 14 ஆண்டு கழித்து எடுத்த படம் மணப்படமாகிவிட்டது! படம் பொய் சொல்லாது என்பாரே, அவர் இதையும் சற்று எண்ணட்டும்.

ஆடை மாற்றும் வழக்கம் பிறநாடுகளிலும் உண்டு. ஜப்பானிலே, வெண்கிமோனோ அணிந்து சடங்கை முடித்த மணமகள், விருந்தின் நடுவே எழுந்து சென்று வண்ண ஆடைக்கு மாறி வருவாள். இரோநாஒஷி என்பது அதன் பெயர். தைவானிலே, மணநாளுக்கு முன்பே படக்கடைக்குச் சென்று, வாடகைக் கவுன்களை ஒன்றன்பின் ஒன்றாய் அணிந்து, ஒரு நாளையே அங்கு கழித்து ஆல்பம் சேர்ப்பதை ஆராய்ந்து, போனி ஏட்ரியன் என்ற மானிடவியல் அறிஞர் 2003ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அங்கே ஒப்பனை, ஆடை, படம், ஆல்பம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் விற்பனைக்கு. நம் ஊரிலே கூரைகள் வேறு வேறு, விற்பனை ஒன்றே!

நம் பாட்டன் பாட்டி காலத்துப் படத்தை எடுத்துப் பாருங்கள். சுவரிலே, கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே, நாற்காலியில் அவர் அமர்ந்திருக்க, அருகே அவள் நின்றிருக்க, ஒரே ஒரு படம்! படச்சுருள் இருந்த காலத்தில் பெரிய சுருளிலே சதுரப் படம் 12; சிறிய சுருளிலே 36. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. ஆகவே யாரை எடுப்பது, எப்போது எடுப்பது என்று எண்ணிப் பார்த்து எடுத்தனர். இன்று எண்ணற்ற படம் எடுக்கலாம். எண்ணம் ஒன்றுதான் இல்லை! அந்நாளைய படத்திலே பெண் நின்றாள், ஆண் அமர்ந்தான். அதில் அநீதி இருந்தது, மறுக்கவில்லை. இந்நாளைய ஆல்பத்திலே பெண் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறாள்; அதனாலே நீதி வந்துவிட்டதா?

கணக்குப் பார்ப்போம், வாருங்கள்!

உணர்ச்சிவயப்பட்டுப் பேசுகிறோம் என்பார்க்கு, எளிய கணக்கொன்றை எடுத்து வைக்கிறோம். வரவேற்பு மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை; 180 நிமிடம். ஆடை இரண்டு. நகை கழற்றி, கொண்டை அவிழ்த்து, ஒப்பனை துடைத்து, மீண்டும் எல்லாம் பூண்டுவர 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆடையிலும் மணமகள் தனித்து நிற்கும் படங்களுக்கு 25 நிமிடம். இரண்டு ஆடைக்கு 50. இருவரும் சேர்ந்து நிற்கும் படங்களுக்கு ஒரு 25. ஆக 120 நிமிடம் கழிந்தது. மிச்சம் 60 நிமிடம், அதாவது 3,600 வினாடி. வந்திருப்போர் 600 பேர். வகுத்துப் பாருங்கள், தோழர்களே! ஆளுக்கு 6 வினாடி!

பேருந்து ஏறி, பிள்ளையைத் தோளில் சுமந்து, உழைத்த கூலியில் ஒரு பகுதியை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு வந்த அத்தைக்கு 6 வினாடி! எழுத்தறிவித்த ஆசிரியருக்கு 6 வினாடி! ஒரே வகுப்பில் ஒன்றாய் அமர்ந்து படித்து, தொலைதூர ஊரிலிருந்து விடுப்பெடுத்து வந்த தோழிக்கு 6 வினாடி! அதிலும் அவள் முகத்தைப் பார்த்து ஒரு சொல் பேச முடியுமா? "இங்கே பாருங்கள்" என்று படக்கருவிப் பக்கம் இழுக்கப்படுகிறது முகம். நாற்காலியிலே அமர்ந்து கடிகாரத்தைப் பார்க்கும் முதியவர் கேட்கிறார்: "பெண் எங்கே?" விடை வருகிறது: "உடை மாற்றப் போயிருக்கிறாள்." தன் மணவிழா நடக்கும்போது, மணமகள் அதிலே இல்லை! மணிக்கணக்கிலே ஓர் அறைக்குள்ளே, கண்ணாடியின் முன்னாலே, ஊக்கு குத்துவார் கையிலே சிக்கிக்கொண்டிருக்கிறாள். பசிக்கிறது, உதட்டுச் சாயம் கலைந்துவிடும் என்று உண்ண விடமாட்டார்கள். பேச ஆசை, ஆளில்லை. மேடையிலே மணமகன் தனியே நின்று கைகுலுக்கிக்கொண்டிருக்கிறான். வருவோர் அனைவரும் அவனுக்கு அறிமுகமாகின்றனர். அவளுக்கு அறிமுகமாவது ஊக்கும் சீப்பும்!

பெண்ணை அந்நாளிலே அறைக்குள் அடைத்து வைத்தனர், ஆண்கள் கண்ணிலே படலாகாது என்று. இந்நாளிலே அறைக்குள் அடைத்து வைக்கின்றனர், அனைவர் கண்ணிலும் அழகாய்ப் படவேண்டும் என்று. காரணம் மாறிற்று, கதவு அதே கதவு!

இரண்டு பட்டியல்

இனி, பணத்தின் பக்கம் திரும்புவோம். ஆடை ஐந்தென்றால் அதற்கேற்ற நகை ஐந்து வகை, ஒப்பனை ஐந்து முறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. மணநாளுக்கு முந்திய படப்பிடிப்பென்று மலைக்கும் கடற்கரைக்கும் ஒரு பயணம். மேலே பறந்து படமெடுக்கும் ட்ரோன் ஒன்று. ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்தவன் கதையைச் சொல்லிச் சிரிப்பது நம் நாட்டு வழக்கம். மீசையாவது மீண்டும் வளரும். வட்டியும் வளர்கிறதே, அதற்கு என்ன செய்வது? படம் பளபளக்கும், பத்திரம் அடகுக்கடையில் உறங்கும். கடன்பட்டவர் யார்? பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர். "எங்கள் வீட்டு மானம்" என்று மணமகன் வீட்டார் ஒரு சொல் சொல்லிவிட்டால், மறுசொல் சொல்ல அவருக்கு வாயேது?

வரதட்சிணை ஒழிப்புச் சட்டம் 1961ஆம் ஆண்டில் வந்தது. மணமக்களுக்குத் தரப்படும் பரிசுகளைப் பட்டியலிட்டு வைக்க வேண்டுமென்ற விதிகள் 1985ஆம் ஆண்டில் வந்தன. பொருள் இன்னது, மதிப்பு ஏறத்தாழ இவ்வளவு, தந்தவர் இன்னார், அவர் என்ன உறவு என்று எழுதி, மணமகளும் மணமகனும் கையொப்பமிட வேண்டும் என்று கூறுகின்றன அந்த விதிகள். பின்னாளிலே பெண் வாழ்வு முறிந்து, "எனக்கென்று தந்ததைத் திருப்பிக் கொடு" என்று கேட்க நேர்ந்தால், அவள் கையிலே சான்றாக நிற்கக்கூடிய தாள் அது. கேட்கிறோம், தோழர்களே: நீங்கள் சென்று உண்டு வாழ்த்தி வந்த மணவிழாக்களிலே, எத்தனை வீட்டில் அந்தப் பட்டியல் எழுதப்பட்டது?

ஆனால் வேறொரு பட்டியல் உண்டு! கண்ணாடி முன் மணமகள், வளையல் அடுக்கிய கை, மருதாணி இட்ட பாதம், சன்னலோரம் தொங்கும் புடவை, திரும்பிப் பார்க்கும் முகம், திரும்பாமல் நிற்கும் முதுகு... இப்படிப் பக்கம் பக்கமாய்ப் படப்பிடிப்புக்கு ஒரு பட்டியல்! பெண்ணுக்குப் பாதுகாப்பளிக்கும் பட்டியலுக்குத் தாள் இல்லை, நேரம் இல்லை, "இப்போது இதெல்லாம் எதற்கு, அபசகுனம்" என்ற முணுமுணுப்பு. பெண்ணைப் பொம்மையாய் நிறுத்தும் பட்டியலுக்கோ, வரிக்கு வரி ஆராய்ச்சி!

சட்டத்துக்கு வெளியே நிற்பவர்

படம் என்பது வரலாறு. நாளை பிறக்கும் பிள்ளை அதைப் பார்த்துத்தான் "இவர் யார், அவர் யார்" என்று கேட்கும். ஆகவே, படத்துக்குள்ளே யார் என்பதைப் போலவே, படத்துக்கு வெளியே யார் என்பதும் பெரிய கேள்வி.

கணவனை இழந்த தாய், பெற்று வளர்த்துப் படிக்கவைத்த தாய், மகளின் ஐந்து கோலத்தில் எந்தக் கோலத்தின் அருகே நிற்கிறாள்? "சுமங்கலிகள் எல்லாம் வாருங்கள்" என்று அழைத்து எடுக்கும் படத்திலே அவளுக்கு இடமில்லை. கூறைப்புடவையிலே மகள் பொலியும்போது, தூணோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எல்லாரும் கலைந்தபின், மூன்றாவது பட்டிலே மகள் களைத்து நிற்கும்போது, "அம்மாவோடு ஒன்று எடுத்துவிடலாம்" என்று யாருக்கோ நினைவு வருகிறது. ஐந்து ஆடைக்கு இடமுள்ள ஆல்பத்திலே, அன்னைக்கு ஒரு மூலை! பந்தியிலே பரிமாறி வியர்த்தவர், அடுப்படியிலே வெந்தவர், பந்தலிட்டவர், வீட்டிலே வேலை செய்து அவளைத் தூக்கி வளர்த்த மூதாட்டி, இவர்களுக்கு அந்த மூலையும் இல்லை. சேரியிலிருந்து வந்த நண்பன் மேடை ஏறினான், படமும் எடுக்கப்பட்டது, ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும்போது அது மட்டும் எப்படியோ விடுபட்டுப் போகிறது! தீண்டாமை படக்கருவியிலே இல்லை; பொறுக்கும் விரலிலே இருக்கிறது.

இன்னுமொன்று. கரிய நிறத்துப் பெண்ணுக்கு, "இந்த வண்ணம் உனக்கு எடுக்காது" என்று ஆடையிலே தொடங்கி, முகத்திலே மாவு பூசி, அதுவும் போதாதென்று கணிப்பொறியிலே அவள் தோலை வெளுத்துத் தருகிறார்கள். ஐந்து ஆடையிலும் யாரோ ஒரு வெளுத்த பெண் நிற்கிறாள். கறுப்பு நம் நிறம் என்று மேடையிலே முழங்குவோர் வீட்டு ஆல்பத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்!

"பெண்ணே விரும்புகிறாளே!"

"பெண்ணே ஆசைப்படுகிறாள், வாழ்விலே ஒருநாள், அதற்கும் தடையா?" என்று கேட்பர். நல்ல கேள்வி, நேர்மையாகவே விடையளிப்போம். அவள் ஆசை உண்மையாக அவளுடையதானால், அதற்கு நாம் துணை. தறியிலே பல நாள் பாடுபட்டு, உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாய்க் காஞ்சி நெசவாளர் கோத்துத் தந்த பட்டை அவள் உடுத்தட்டும். பிடித்தால் கவுனும் அணியட்டும். ஆனால் ஆசை யாருடையது என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. ஆடை எத்தனை என்ற எண்ணை அவள் சொன்னாளா, அவளிடம் சொல்லப்பட்டதா? செலவு எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியுமா? "இரண்டு போதும்" என்று அவள் சொல்லியிருந்தால், அந்தச் சொல் எடுபட்டிருக்குமா? வேண்டாம் என்று சொல்ல உரிமை உள்ளவள் வேண்டும் என்று சொன்னால்தான் அது ஆசை. அந்த உரிமை இல்லாதவள் சொல்லும் வேண்டும், பிறர் வாயிலே பிறந்த வேண்டும்!

ஆகவே, அழுது பயனில்லை, ஏசிப் பயனில்லை, திட்டம் எழுதுவோம். எழுதுபவர் ஆள்வார், எழுதாதவர் ஆட்டுவிக்கப்படுவார். மணம் முடிக்க இருக்கும் தோழியர் தோழர்களுக்கு, ஒரு தாளில் அடங்கும் திட்டத்தை முன்வைக்கிறோம்.

முதலாவது: ஆடை எத்தனை என்பதை மணமகள் முடிவு செய்யட்டும், செலவை இருவரும் சேர்ந்து பார்க்கட்டும். ஒன்று போதுமென்றால் ஒன்று. ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால், விழாவின் நடுவிலே மாற்றம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அந்த மாற்றமும் விருந்தினர் பந்தியில் அமரும் நேரத்தில் நிகழட்டும். அவர்கள் மேடையைப் பார்த்துக் காத்திருக்கும் நேரத்தில் வேண்டாம்.

இரண்டாவது: நகையும் கொண்டையும் மிகுந்து நேரம் விழுங்கும் ஆடை முதலில், எளிய ஆடை பின்னால். முதல் ஆடைக்கு விழாவுக்கு முன்பே வேண்டிய நேரம் கிடைக்கிறது. இரண்டாவது எளியதாயின் 15 நிமிடத்தில் மாற்றித் திரும்பலாம்.

மூன்றாவது: தனித்து நிற்கும் படங்களும் இருவர் படங்களும் விருந்தினர் வருமுன்பே முடியட்டும். மாலை வெயில் தணியும் நேரத்து வெளிச்சம் முகத்துக்கு இதமானது. மண்டபத்து மின்விளக்கிலே அது கிடைக்காது. அதிகப்படியான ஆடைகளில் படம் வேண்டுமென்ற ஆசை தீரவில்லையா? மணநாளுக்கு முன்போ பின்போ, எவரும் காத்திராத வேறொரு நாளில் எடுத்துக்கொள்ளுங்கள். மணமேடை துணிக்கடையின் காட்சிப்பேழையன்று!

நான்காவது: ஆடைகளின் நிறத்தையும் துணியையும் படப்பிடிப்பாளருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சரிகை மிகுந்த பட்டின்மேல் நேரே விளக்கடித்தால், கண்ணைக் கூசும் வெண்புள்ளிதான் படத்தில் விழும். வெளிச்சத்தைச் சுவரிலோ திரையிலோ மோதவிட்டு மென்மையாக்கித் தரவேண்டும். வெண்ணிற ஆடைக்கு வெளிச்சம் மிகுந்தால் மடிப்பெல்லாம் மறைந்துவிடும். சிவப்புப் புடவைக்குப் பின்னே சிவப்புத் திரை கட்டினால் ஆள் தெரியமாட்டாள். இவற்றை நாளுக்கு முன்பே பேசி முடித்தால், "இன்னொரு முறை" என்ற ஆணை பாதியாய்க் குறையும்.

ஐந்தாவது: கூட்டுப் படங்கள் எல்லாம் ஒரே ஆடையில். பத்துக் குழு, குழுவுக்கு 3 நிமிடம், அரை மணியில் முடியும். பெயர்ப் பட்டியலை மணமகள் எழுதட்டும். இரு வீட்டிலும் முகமறிந்த ஒருவர் பெயர் சொல்லி அழைக்கட்டும். முதியோரும் கைக்குழந்தைக்காரரும் முதலில். அந்தப் பட்டியலின் முதல் வரியிலே தாயின் பெயர் இருக்கட்டும், அவள் நெற்றியிலே குங்குமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்! சமைத்தவர், பரிமாறியவர், பந்தலிட்டவர் அனைவரும் நிற்கும் படம் ஒன்று கட்டாயம். நாள் முழுதும் எடுத்த படப்பிடிப்பாளரையும் கூப்பிட்டு ஒரு படத்தில் நிறுத்துங்கள். முன்னதாகவே அவருக்கு இலை போடுங்கள்.

ஆறாவது: மாலை மாற்றுவதும், உறுதிமொழி கூறுவதும் ஒருமுறைதான். அவர் எடுத்தால் எடுக்கட்டும், தவறினால் தவறட்டும். வாழ்வின் வாக்குறுதி ஒத்திகை பார்க்கும் நாடக வசனமன்று. அந்த நேரத்தில் மேடையில் ஒருவருக்கு மேல் படக்கருவியோடு நிற்க வேண்டாம். அவையோர் மணமக்களைக் காணட்டும்.

ஏழாவது: எடுத்த படங்கள் முழுவதும் மணமகளின் கைக்கும் வரட்டும். எது ஆல்பத்தில், எது ஊரார் பார்வைக்கு, எது வீட்டோடு என்பதை அவள் இசைவின்றி எவரும் முடிவு செய்யலாகாது. தோலை வெளுக்காதே என்று எழுத்திலே கொடுங்கள். கடைசியாக, அந்தத் தாளோடு இன்னொரு தாள்: பரிசுப் பட்டியல். இருவரும் கையொப்பமிட்டு, மணமகளின் பெட்டியில்!

இது மலையைப் புரட்டும் வேலையா? இல்லை, ஒரு மாலை நேரம் இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசினால் முடிகிற வேலை. அப்படி அமர்ந்து பேசும்போது, அவன் அவளை எப்படி மதிக்கிறான் என்பது அவளுக்கும், அவள் எதை விரும்புகிறாள் என்பது அவனுக்கும் விளங்கும். ஆடையைப் பற்றிப் பேசமுடியாத இருவர், ஆயுளைப் பற்றி எப்படிப் பேசப் போகிறார்கள்? "எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம்" என்று அவன் அங்கேயே கையை விரித்தால், அதையும் அவள் அன்றைக்கே அறிந்துகொள்வது நல்லது!

மணமகனாகப் போகும் தோழனே, உனக்கு ஒரு சொல். மேடையேறிப் பெண்ணுரிமை பேசுவாய், கைதட்டல் பெறுவாய். மகிழ்ச்சி! உன் மணவிழாவிலே, உன் துணைவி அறைக்குள்ளே ஊக்குகளுக்கு நடுவே பசியோடு அமர்ந்திருக்கையில், வெளியே நீ கைகுலுக்கிக்கொண்டிருந்தால், நீ பேசிய பேச்சுக்கு என்ன பொருள்? உன் அன்னையிடமும் தந்தையிடமும், "இரண்டு ஆடை போதும் என்கிறாள், எனக்கும் அதுவே போதும்" என்று சொல்லவேண்டியவன் நீ. அவளைச் சொல்லவைத்து, வந்த பழியை அவள் தலையில் சுமத்திவிட்டு, ஒதுங்கி நிற்காதே. அந்த ஒரு சொல்லைச் சொல்லத் துணிந்தால், பத்து மேடையிலே நீ பேசியதைவிடப் பெரிய பணி அது.

தோழியே, உனக்கும் ஒன்று. உனக்குப் பிடித்ததை உடுத்து. உன் நிறத்தோடு, உன் சிரிப்போடு, உனக்கு வேண்டியவர் தோளிலே கைபோட்டு நில். பசித்தால் உண். அத்தையிடம் பேசு, ஆசிரியரிடம் பேசு, தோழியைக் கட்டிக்கொள். படம் எடுக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும். ஆண்டு பல சென்று ஆல்பத்தைப் புரட்டும்போது, "இந்தப் புடவை என்ன விலை?" என்ற கேள்விக்கு விடை சொல்வதைவிட, "இவர் இன்னார், அன்று என்னிடம் இன்னது சொன்னார்" என்று சொல்ல உனக்கு நிறைய இருக்கட்டும்.

திட்டம் எழுதும் கோல் உன் கையில் இருக்கட்டும். கோலம் ஒன்றோ இரண்டோ, அதன்பின் நீயே முடிவு செய்வாய்!